இடப்பக்கப் பிணைச்சல்

மீயொலியால் இரும்பை அளக்கும் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மெசினை எப்படிப் பிடிப்பது, ஜெல்லை எவ்வளவு பூசுவது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் கருவிகளும் நான் பாவித்தவற்றைவிட நல்லவை. ஆகவே அந்தப் பக்கம் நான் போகவில்லை. நான் பிழை விட்ட ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வெல்டிங் செய்த இரும்பு ஆறும்போது சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த இரும்பு அதைச் சுருங்க விடாது. அந்த இழுபறி ஆறிய பிறகும் முடிவதில்லை. பெயின்ட் அடித்து, ஆட்கள் ஏறி நடந்து, வருடங்கள் போனாலும் உள்ளே அப்படியே கிடக்கும். எஞ்சிய தகைப்பு என்று நீங்கள் படித்திருப்பது அதைத்தான். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் இழுபட்டுக் கிடக்கும் இரும்புக்குள் மீயொலி ஒரு துளி தாமதித்துப் போகும். இழுவை இல்லாத ஒரு துண்டு இரும்பில் அது எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்த்துக்கொண்டு, வெல்டிங் ஓரத்தில் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்க்கிறோம். அந்த வித்தியாசத்துக்குள்தான் எங்கள் தொழில் முழுவதும் இருக்கிறது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒலியை அனுப்பும் புரோப்பை இரும்பில் வைத்துவிட்டு ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வேன். உள்ளே போகும் ஒலியோடு நானும் போவதுபோல இருக்கும். சாம்பல் நிறத்தில், காற்றில்லாத, நீளமான ஒரு வெளி. சில இடத்தில் நடை லேசாக இருக்கும். சில இடத்தில் முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் நடப்பதுபோலக் கால் பிந்தும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொம்பிளைக்கு மெசின் தந்தது போதாதென்று கனவும் காண்கிறாள் என்று சிரிப்பார்கள். இப்போது பென்சன் எடுத்துவிட்டேன், சொல்லலாம்.

நான் கிரான் பக்கத்தில் பிறந்தவள். கொழும்பில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து, ஒரு சிறிய பரிசோதனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பாசிக்குடாவில் ஹோட்டல்காரர்களின் தண்ணீர்த் தாங்கிகள், ஐஸ் தொழிற்சாலைக் குழாய்கள், அரிசி மில்லின் கொதிகலன் என்று வேலை வரும். ஒருமுறை ஒரு பாதை வந்தது.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. பாலம் இல்லாத துறைகளில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் தட்டையான இரும்பு மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். பாதை வருகுது, பாதை போயிற்று என்று நாங்கள் சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். எந்தத் துறைப் பாதை என்று நான் எழுதவில்லை. அதில் இப்போதும் ஆட்கள் போய் வருகிறார்கள்.

அந்தப் பாதையின் முன்பக்கத்தில், கரை சேர்ந்ததும் இறக்கிவிடும் இரும்புப் பலகை ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள், உழவு மெசின் எல்லாம் அதன்மேல்தான் ஏறி இறங்கும். கதவுக்குக் கீல்போல, பலகையைத் தாங்குவது இரண்டு பெரிய பிணைச்சல்கள். இடப்பக்கப் பிணைச்சலின் வெல்டிங் ஒரே வருடத்தில் இரண்டு தரம் வெடித்துவிட்டது. இரண்டு தரமும் யாரோ கண்டு நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் முறை யாரும் காணாமல் ஆட்கள் நிற்கும்போது அது பிய்ந்தால், பலகையும் அதன்மேல் நிற்பவர்களும் வாகனத்தோடு தண்ணீருக்குள் போவார்கள். ஆகவே இந்தமுறை இரண்டு பிணைச்சலையும் புதிதாக வெல்டிங் செய்து, எஞ்சிய தகைப்பை அளந்து, நல்லம் என்று எழுத்தில் தந்தால்தான் ஓடலாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஆடி மாதம். எழுவான்கரையில், அமிர்தகழிக் கோயிலில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கடைசி நாள் தீர்த்தத்துக்கு இன்னும் நாலு நாள். படுவான்கரைச் சனம் முழுக்க வாவி கடக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் விடியப்புறம் போய் இறங்கினேன். வாவி பால் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியாத நிறம். பாதையைக் கரையோரமாக இழுத்து, பலகையைத் தண்ணீருக்கு மேலே பாதி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிணைச்சல்களுக்கு மேலே தார்ப்பாயால் ஒரு கூடாரம் போட்டிருந்தார் வெல்டர். ஓட்டமாவடிக்காரர், கத்தாரில் கப்பல் பட்டறையில் இருந்து வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். அதற்கு முன்னும் இரண்டு மூன்று இடத்தில் சேர்ந்து வேலை செய்திருக்கிறோம்.

“இந்தமுறை வெடிக்காது மிஸ். நான் கையால தடவிப் பாத்தாலே தெரியும்” என்றார்.

“எனக்கு மெசின் சொல்லோணும் காக்கா.”

“சொல்லும், சொல்லும். அதுவும் இரும்புதானே. இரும்பு இரும்பைக் காட்டிக் குடுக்காது.”

சிரித்தோம். வேலை தொடங்கினேன்.

கூடாரத்துக்குள் ஒரு ஆள் குந்தியிருக்க மட்டும்தான் இடம். மெசினை மடியில் வைத்தால் வேறு எதையும் வைக்க முடியாது. ஆகவே என் ஒப்பீட்டுத் துண்டை, அதாவது அதே தகட்டிலிருந்து வெட்டி இழுவையைப் போக்கி வைத்திருந்த சிறு இரும்பை, வெளியே கரை மணலில் என் பையின் மேல் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் எட்டி அதில் ஒரு அளவு எடுத்துவிட்டு, உள்ளே வந்து பிணைச்சலில் எடுப்பேன். பைக்குள் வெப்பமானி இருந்தது. எடுக்கவில்லை. விடியல் குளிர், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இரும்பு, எதற்கு என்று நினைத்தேன்.

காலை ஏற ஏற, கரையில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் மகளின் பாடசாலைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்ப ஓடும் எப்ப ஓடும் என்று கேட்டபடி நின்றார். கச்சான் காற்று தொடங்கியது. உங்களுக்குத் தெரியும், அது உடம்பை உலர்த்திப்போடும் காற்று. எனக்கு வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. வலப்பக்கம் நல்லம். பத்து மணி தாண்டி இடப்பக்கத்தைத் தொடங்கினேன். அதுவும் நல்லம். வலப்பக்கத்தைவிடவும் நல்லம்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். இரண்டு தரம் வெடித்த இடம் மற்றதைவிட நல்லமென்று வந்தால், ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கரையில் நின்ற சனத்துக்கு வேண்டிய விடை, காக்காவுக்கு வேண்டிய விடை, எனக்கும் வேண்டிய விடை. மூன்றும் ஒன்றாக வந்ததும் மனம் நிம்மதியாகிவிட்டது. வேண்டாத விடை வந்திருந்தால் நான் இன்னொரு தரம் அளந்திருப்பேன். வேண்டிய விடையை யாரும் இரண்டாம் தரம் அளப்பதில்லை.

ரிப்போட்டில் கையெழுத்து வைத்து, பாதைக்குப் பொறுப்பான சுப்பவைசரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர், நாற்பது வயதிருக்கும். மூன்று கிழமையாகப் பாதை ஓடாததால் சனத்திடமும் மேலிடத்திடமும் ஏச்சு வாங்கிக் களைத்துப் போயிருந்தார். தாளை மடித்து நெஞ்சுப் பையில் வைத்து, “நாளைக்குக் காலையில ஓட்டுவம் மிஸ்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தார். காக்கா மனைவிக்குப் போன் எடுத்து, வேலை சரி, நாளைக்கு வீட்டுக்கு வாறன் என்று சொல்வது கேட்டது.

நான் தண்ணீரோரம் வேர்விட்டு நிற்கும் கண்ணா மரங்களின் நிழலில் போய் உட்கார்ந்தேன். காக்கா தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு மரத்தில் சாய்ந்தேன். தண்ணீர் பாதையின் வயிற்றில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. நித்திரையும் இல்லை, முழிப்பும் இல்லை. வாவி முழுவதும் ஒரே தகடாகி, அதற்குள் நான் எங்கோ நடந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. தூரத்தில் ஒரு தோணிக்காரன் வலையை உதறியது தெரிந்தது. சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்ததுபோல இருந்தது. இவ்வளவு பிந்தி வருகிறதே என்று கனவுக்குள்ளேயே யோசித்தேன்.

எழும்பிச் சாமான்களைக் கட்டப் போனேன். மணலில் கிடந்த ஒப்பீட்டுத் துண்டைத் தூக்கியதும் விரல் சுட்டது. ஐயோ என்று விட்டுவிட்டேன். சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு போய், ஆற வைக்கலாம் என்று பாதையின் ஓரமாக முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினேன். சறுக்காமல் இருக்க மற்றக் கையால் பிணைச்சலைப் பிடித்தேன்.

ஒரு கையில் நெருப்பு. மற்றக் கையில் கிணற்றுத் தண்ணீர்.

அப்படியே நின்றேன். தார்ப்பாய் நிழலில், தண்ணீருக்கு மேலே, காற்று உரசிக்கொண்டிருந்த பிணைச்சல் காலையில் இருந்த குளிரோடுதான் இருந்தது. என் துண்டு மட்டும் வெயிலில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. சூடான இரும்பிலும் ஒலி பிந்தித்தான் போகும். இழுபட்ட இரும்பிலும் பிந்தித்தான் போகும். இழுவை இல்லாத துண்டே பிந்திப் போகும்போது, இழுபட்டுக் கிடக்கும் பிணைச்சல் என் கணக்குக்கு ஆரோக்கியமாகத்தான் தெரியும். வெயில் ஏற ஏற இடப்பக்கம் நல்லமாகிக்கொண்டு போனது அதனால்தான்.

தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மனதுக்குள் எல்லாக் கள்ள வழியும் வந்தது. வீட்டுக்குப் போய்க் கணக்கில் திருத்திப் பார்க்கலாம். வடிவமைத்தவர் எப்படியும் பாதுகாப்புக்கு மேலதிகமாக விட்டிருப்பார். அளவு பிழையாக இருந்தாலும் வெல்டிங் நல்லதாக இருக்கலாமே. இவை எதுவும் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். நீங்கள் பிழை விடும் நாளிலும் இப்படித்தான், பொய்யில்லாத காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

சுப்பவைசருக்குப் போன் எடுத்தேன்.

“நான் தந்த ரிப்போட் பிழை. இடப்பக்கம் திரும்ப அளக்கோணும்.”

“மிஸ், நான் குடுத்திட்டன். படுவான்கரையில கோயில் ஸ்பீக்கரில சொல்லிட்டாங்க, நாளைக்குப் பாதை ஓடுதெண்டு” என்றார்.

“தெரியும். ஆனா நான் அளந்த விதம் பிழை. ஒரு துண்டு வெயில்ல கிடந்தது, மற்றது நிழல்ல.”

“சூடு கொஞ்சம் கூடக் குறைய இருந்தா என்ன? இரும்புக்குக் காய்ச்சலா வந்திட்டு?”

“ஓம், கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“திரும்ப அளந்து அதே விடை வந்தா?”

“உங்களிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறன்.”

“வேற விடை வந்தா?”

அவர் போனை வைத்துவிட்டார்.

காக்காவுக்குச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் தன் வேலை ஆயுதங்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றது.

“காலையில நல்லமெண்டு சொன்ன வாய்தானே இது, மிஸ்?”

“அதே வாய்தான் காக்கா.”

“நான் வீட்டுக்குச் சொல்லிட்டன். என்ட கை வேலையைப் பத்தி ஊரெல்லாம் என்ன கதைக்கும்?”

“வெல்டிங் பிழையெண்டு நான் சொல்லல்ல. என்ட அளவு பிழையெண்டுதான் சொல்றன்.”

“ரெண்டும் ஒண்டுதான். சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்.” பெட்டியை டப்பென்று மூடிவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் நடந்து போய்விட்டார். லுஹர், மத்தியானத் தொழுகை நேரம். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

நான் தனியாகத் தார்ப்பாயை அவிழ்த்து அகலமாகக் கட்டப் பார்த்தேன். காற்று பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு மூன்று தரம் முயன்று கை ஓய்ந்து நின்றபோது, கயிற்றின் மற்ற முனையை யாரோ பிடித்தார்கள். காக்கா. தோளில் நாலைந்து சாக்கு, நனைத்துக் கொண்டு வந்திருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“என்ட வேலையில குறை இருந்தா முதல்ல எனக்குத் தெரியோணும். பத்திரிகையில பாத்துத் தெரியக்கூடா.”

ஒப்பீட்டுத் துண்டைப் பிணைச்சலின் பக்கத்திலேயே கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். மேலே நனைந்த சாக்கு, அதற்கு மேலே தார்ப்பாய். இந்தமுறை வெப்பமானியையும் வைத்தேன். இரண்டு இரும்பும் ஒரே சூட்டுக்கு வரும்வரை இருக்க வேண்டும். வேறு வேலை இல்லை.

என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய வேலை அந்த இரண்டு மணித்தியாலம் சும்மா இருந்ததுதான். கரையில் நின்றவர்களுக்குச் செய்தி எட்டிவிட்டது. சிலர் ஏசிவிட்டுப் போனார்கள். மகளின் சப்பாத்தோடு நின்றவர் ஒன்றும் பேசாமல் சுற்றுவழியில் போக மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அந்தப் பேச்சில்லாமை என்னை அதிகம் சுட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் நிறுவனத்திலிருந்து, மேலிடத்திலிருந்து, யாரென்று தெரியாத இலக்கங்களிலிருந்து. அளக்கிறன், அளந்துபோட்டுச் சொல்றன் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் வாவியைப் பார்த்தேன். கச்சான் தண்ணீரை மீன் செதிள்போலச் சுருக்கிவிட்டிருந்தது. ஒவ்வொரு செதிளிலும் ஒரு சூரியன். பார்த்துக்கொண்டேயிருந்தால் கரையும் சத்தமும் எங்கேயோ விலகிப் போய்விட்டன. வெப்பமானியின் முள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது.

நாலு மணிக்கு இரண்டும் ஒன்றாக நின்றன. அளந்தேன். துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தேன். புரோப்பை மறுபக்கம் திருப்பி அளந்தேன். வலப்பக்கம் பெரிய மாற்றமில்லை. அதை விடியக் குளிரில் அளந்ததால் தப்பியிருந்தது. இடப்பக்கத்தில் கண்ணை மூடியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கால் பிந்தியது. இடுப்பளவு தண்ணீர்.

“என்ன சொல்லுது?” என்று கேட்டார் காக்கா.

“இன்னும் ஒரு ஆளும் ஏறல்ல. ஆனா இப்பவே பாரம் ஏத்தின மாதிரி இழுபட்டுக் கிடக்கு.”

அவர் பிணைச்சலைத் தடவினார். வெகுநேரம் தடவினார். பிறகு மெல்லச் சொன்னார்:

“வலப்பக்கத்த நான் ரெண்டு நாளா, கொஞ்சம் கொஞ்சமா அடிச்சன். இடப்பக்கத்த ஒரே மூச்சில அடிச்சன் மிஸ். அசையாம இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, ஆறவும் விடல்ல. பிந்துது பிந்துது எண்டு தலையில நிண்டாங்க.” பிறகு தானே திருத்திக்கொண்டார். “தலையில நிண்டாங்கதான். ஆனா அடிச்சது என்ட கை.”

சுப்பவைசர் அந்தியில் வந்தார். காலையில் பார்த்த முகம் இல்லை. “வெடிப்பு இருக்கா?” என்று கேட்டார். வெடிப்பு இல்லை. “வளைஞ்சிருக்கா?” வளையவுமில்லை. “அப்ப எதைக் காட்டி நான் மேல சொல்றது? உங்கட மெசினில ஒரு கோடு அங்கால இஞ்சால நிக்குது எண்டா? காலையில நல்லமெண்ட மெசின்தானே இதுவும்?”

அவர் கேட்டது நியாயம். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாததை அளக்கிறவர்களுக்கு நம்பிக்கை ஒன்றுதான் முதல். அதைக் காலையில் நானே தொலைத்திருந்தேன். அப்போது காக்கா முன்னால் வந்தார்.

“வெட்டுவம் சேர். என்ட வெல்டிங்க நானே வெட்டுறன். மிஸ் சொன்னது பிழையெண்டா சம்பளமில்லாமத் திரும்ப அடிச்சுத் தாறன்.”

மறுநாள் காலை, பாதை ஓடியிருக்க வேண்டிய அதே நேரத்தில், அவர் கிரைண்டரை எடுத்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். செய்தி தெரியாமல் வந்த சனமும் நின்றது. தீப்பொறிகள் தண்ணீரில் விழுந்து அணைந்துகொண்டிருந்தன. வெல்டிங்கின் ஓரமாக, ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு, நிதானமாக அறுத்துக்கொண்டு போனார். முக்கால்வாசி போயிருக்கும். இன்னும் ஒரு சாண் மிச்சம். ஏதோ தோன்றியதுபோலக் கிரைண்டரை நிறுத்தி, கையைப் பின்னுக்கு எடுத்தார்.

யாரும் தொடவில்லை. அந்த ஒரு சாண் இரும்பு தானாகவே, துவக்கு வெடித்ததுபோன்ற சத்தத்தோடு கிழிந்தது.

கண்ணா மரங்களிலிருந்த கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. பிணைச்சல் பாதையின் தட்டைவிட்டு விலகி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்து நின்றது. எதிர்க்கரையில் எதிரொலித்து அந்தச் சத்தம் திரும்பி வந்தது. சுப்பவைசர் கிட்டப் போய் அந்த இடைவெளிக்குள் விரலை வைத்துப் பார்த்தார். விரலை எடுக்காமலே நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். “ஓம் சேர். தீர்த்தத்துக்கு ஓடாது சேர். ஓம், நான்தான் சொல்றன்” என்று அவர் சொல்வது கேட்டது.

காக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். “அல்லாஹ் காப்பாத்தினான்” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்களும்தான்” என்றார். நான் தலையாட்டவில்லை. காலையில் நல்லமென்று எழுதியவளும் நான்தானே.

இரண்டாம் ரிப்போட்டை எழுதும்போது என் நிறுவனத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். பிழை என்று போடவேண்டாம், மேலதிக அளவீட்டின்படி என்று போடுங்கள், கேட்க நன்றாக இருக்கும் என்றார்கள். அப்படித்தான் ஒரு பிரதி எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அதை வாசிக்கும் ஒருவருக்கு, துண்டை வெயிலில் வைக்கக்கூடாது என்பது தெரியவராது. கிழித்துவிட்டு, முதல் வரியிலேயே எழுதினேன்: முதல் அறிக்கை பிழையானது, அளந்தவரின் கவனக்குறைவு. அந்தப் பாதை வேலை முடிந்த பிறகு சில மாதம் எனக்கு வெளிவேலை தரவில்லை. கந்தோரில் உட்கார்ந்து பழைய பைல்களை ஒழுங்குபடுத்தினேன். அதுவும் போயிற்று.

காக்கா இடப்பக்கத்தைத் திரும்பச் செய்தார். கொஞ்சம் அடிப்பார், ஆறவிடுவார், மறுபக்கம் போய்க் கொஞ்சம் அடிப்பார், திரும்ப ஆறவிடுவார். யாரும் தலையில் நிற்கவில்லை. நான் ஒவ்வொரு படியிலும் அளந்தேன், காலையிலும் அந்தியிலும், துண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டபடி. திருவிழா அந்தப் பாதை இல்லாமலே முடிந்தது. சனம் வான்களிலும் பஸ்களிலும் தூரத்துப் பாலத்தால் சுற்றிப் போய் வந்தது. போக முடியாமல் நின்றுவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் காட்ட என்னிடம் இப்போதும் ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள் பாதை ஓடியது. எனக்கு அக்கரையில் அலுவல் எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது, படுவான்கரையில் ஒரு உழவு மெசின் பலகையில் ஏறியது. நான் இடப்பக்கப் பிணைச்சலுக்கு நேரே நின்றுகொண்டு பார்த்தேன். பலகை முனகியது, தாழ்ந்தது, நிமிர்ந்தது. அவ்வளவுதான். பாதை மெல்லக் கரையைவிட்டு நழுவியது. காலை வெயில் மஞ்சளாக இருந்தது. தண்ணீரில் எங்கள் நிழல் எங்களுக்கு முன்னால் போகாமல் பின்னால் இழுபட்டு வந்தது.

பக்கத்தில் ஒரு பெண், சும்மாடு கோலி அதன்மேல் தயிர்ச்சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வயதிருக்கும். யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

“இண்டைக்கு ஓடும் நாளைக்கு ஓடும் எண்டு நம்பி ஊத்தின ஆறு நாள் தயிர் புளிச்சுப்போச்சு தங்கச்சி. மாட்டுக்கும் நாய்க்கும் ஊத்தினன். வருசத்தில இந்தத் திருவிழா யாவாரம்தான் எனக்குக் கிடைக்கிறது.”

“பாதைக்கு என்ன நடந்ததாம்?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

“ஆரோ ஒரு மிஸ்ஸாம். காலையில நல்லமெண்டாளாம். மறுகா பின்னேரம் கூடாதெண்டாளாம். ஒரு நிலையில்லாத மனிசி. அவளுக்கென்ன, காரில வந்திட்டுக் காரில போவாள்.”

நடு வாவிக்கு வந்துவிட்டோம். பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் பத்து நிமிடத்தில் இறங்கி, அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

“அது நான்தான் அக்கா” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்து காய்ந்த என் சேலைக் கரையைப் பார்த்தாள், சுட்ட விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு பலகைப் பக்கம் பார்வை போனது.

“உண்மையாகவே அது பிஞ்சிருக்குமா?”

“எப்பவெண்டு சொல்ல ஏலாது. பிஞ்சிருக்கும்.”

அவள் பார்வை பலகையிலேயே நின்றது. மோட்டார் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

“என்ட மகள் ஒவ்வொரு நாளும் இதிலதான் போறாள்” என்றாள். “நேர்சிங் படிக்கிறாள். அந்தப் பலகையிலதான் நிப்பாள். முதல்ல இறங்கோணும் அவளுக்கு, பஸ் போயிடும் எண்டு.”

நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தயிர்ச்சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபக்கம் வைத்தாள். கையால் அந்த இடத்து இரும்பைத் துடைத்தாள்.

“இரி” என்றாள்.